வேகச் சரிவில் ஸ்லாலம் ஸ்கேட்போர்டு பந்தயப் பாதை: கீழிருந்து மேலே போடுங்கள்

சரிவில் வரிசையாக வைத்த சிறு கூம்புகளை, அதாவது கோன்களை, இடிக்காமல் வளைந்து வளைந்து ஸ்கேட்போர்டில் இறங்குகிற பந்தயம்தான் ஸ்லாலம். அதற்குப் பாதை போடப் போகிறவர்கள் பெரும்பாலும் கோன் பையைத் தூக்கிக்கொண்டு நேராகச் சரிவின் உச்சிக்குப் போய்விடுவார்கள். அங்கே முதல் கோனை வைத்து, அடுத்தது, அதற்கடுத்தது என்று கீழே இறங்கி வருவார்கள். மெதுவான சரிவில் அப்படிச் செய்தாலும் ஒப்பேறிவிடும். மணிக்கு 40, 50 கி.மீ. தொடுகிற சரிவில் தயவுசெய்து அந்த முறையை மறந்துவிடுங்கள். ஸ்கேட்டர் எங்கே நிற்கப்போகிறார் என்று முதலில் தீர்மானிக்க வேண்டும், அதிலிருந்து முடிவுக்கோடு எங்கே, அதிலிருந்து கடைசிக் கோன் எங்கே, இப்படியே மேலே ஏறி ஏறிக் கடைசியாகத்தான் தொடக்க மேடைக்கு வர வேண்டும். ஏனென்றால் வேகச் சரிவில் நீங்கள் உண்மையில் வடிவமைப்பது வேகத்தைத்தான், கோன்கள் அதற்கான கருவி.

சரி, நிற்கும் இடத்தைக் கணக்குப் போடுவோம். ஸ்லாலம் பலகையில் மென்மையான, தரையைக் கவ்விப் பிடிக்கிற சக்கரங்கள் இருக்கும். அதைக் குறுக்கே திருப்பிச் சறுக்கி நிறுத்துவது நீளமான லாங்போர்டு பலகையில் செய்வது போல எளிதில்லை, பெரும்பாலானவர்கள் ஒரு காலைத் தரையில் தேய்த்துத்தான் நிற்பார்கள். காலைத் தேய்த்தால் ஒவ்வொரு நொடியும் வேகம் நொடிக்கு 1.5 மீட்டர் குறையும் என்று வைத்துக்கொண்டால், சமதரையில் 40 கி.மீ. வேகத்திலிருந்து நிற்க சுமார் 41 மீட்டர் வேண்டும், 50 கி.மீ. என்றால் 64 மீட்டர், 60 கி.மீ. என்றால் 93 மீட்டர். வேகம் கொஞ்சம் கூடினாலும் தூரம் எப்படித் தாவுகிறது பாருங்கள். இதோடு, கோட்டைத் தாண்டி நிமிர்ந்து காலை இறக்க ஒரு நொடியாவது ஆகும், 50 கி.மீ. வேகத்தில் அந்த ஒரு நொடியே 14 மீட்டரைத் தின்றுவிடும். மொத்தம் ஏறக்குறைய 80 மீட்டர் ஆயிற்றா, அதை ஒன்றரை மடங்காக்கி 120 மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஓட்டத்தில் பதற்றத்தோடு வருகிறவருக்கும், கால் தடுமாறுகிறவருக்கும் சேர்த்துத்தான் அந்த ஒன்றரை.

அந்த இடம் இன்னும் கீழ்நோக்கிச் சரிந்தே போகிறதென்றால் இந்தக் கணக்கு போதாது. 3 சதவீதச் சரிவே நிற்கும் தூரத்தைக் கால் பங்கு கூட்டிவிடும். சற்று மேல்நோக்கி ஏறும் சாலை கிடைத்தால் அதைவிட நல்ல இடம் வேறில்லை. எங்களிடம் மொத்தமே 80 மீட்டர்தான் இருக்கிறது என்றால் உங்களுடையது 40 கி.மீ. வேகப் பாதை, அவ்வளவுதான். சரிவு எவ்வளவு ஆசை காட்டினாலும் தொடக்கத்தைக் கீழே இறக்குங்கள். வைக்கோல் கட்டு அடுக்கிச் சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், அது தவறி வருகிறவருக்கான கடைசித் தடுப்பு, எல்லோரும் நிற்பதற்கான பிரேக் ஆகாது.

அடுத்து சரிவை அளக்க வேண்டும். ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான பலகை, அதன்மேல் ரசமட்டம். பலகையின் கீழ்ப்பக்க முனையை மட்டம் வரும்வரை தூக்கிப் பிடித்து, முனைக்கும் தரைக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளந்தால் ஒவ்வொரு சென்டிமீட்டரும் ஒரு சதவீதம். 6 செ.மீ. என்றால் 6 சதவீதம். போனில் கோணம் காட்டும் செயலி இருந்தால் அதே பலகையைச் சாலையோடு படுக்கவைத்து அதன்மேல் வைத்துப் பாருங்கள், 6 சதவீதத்துக்கு 3.4 டிகிரி காட்டும். பத்து மீட்டருக்கு ஒரு தடவை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கண்ணால் பார்த்து ஒரே சீராகத் தெரிகிற சாலை, எழுதிப் பார்த்தால் 4, 5, 8, 7, 3 என்று இருக்கும், அந்த 8 எங்கே வருகிறது என்பதுதான் உங்கள் பாதையின் கதையையே தீர்மானிக்கப்போகிறது.

6 சதவீதம் நீளமாகப் போகிற நல்ல தார்ச்சாலையில், கோன் எதுவும் இல்லாமல் நேராக விட்டால், சராசரி உடல்வாகு உள்ளவர் சுமார் 45 கி.மீ. வேகத்தில் போய் நிலைப்பார். அதற்கு மேல் காற்று விடாது. 8 சதவீதத்தில் அது 50-ஐத் தாண்டும். இது தோராயம்தான், உங்கள் சாலையில் அளந்தே ஆக வேண்டும். அனுபவமுள்ள ஒருவரை முழுப் பாதுகாப்போடு நேராக இறங்கச் சொல்லி, சாலையில் 10 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு கிழித்துப் பக்கவாட்டிலிருந்து நொடிக்கு 60 பிரேம் வீடியோ எடுங்கள். இரண்டு கோடுகளுக்கு நடுவே 48 பிரேம் என்றால் 0.8 நொடி, அதாவது 45 கி.மீ. இந்த ஜோடிக் கோடுகளை உச்சிக்கு அருகே, நடுவில், முடிவுக்கோட்டில் என்று மூன்று இடத்திலாவது போடுங்கள். பின்காற்று அடிக்கிற நாளில் வேகம் கூடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

சாலையின் மேற்பரப்புக்கு இயந்திரம் வேண்டாம், நடந்து பாருங்கள். ஒரு தடவை மேலிருந்து கீழே, ஒரு தடவை கீழிருந்து மேலே. ஒரு திசையில் நடக்கும்போது தெரியாத பள்ளம் எதிர்த்திசையில் நிழலோடு தெரியும். மணல், சிறு கல், எண்ணெய்க் கறை, காய்ந்த இலை எல்லாவற்றையும் பெருக்கித் தள்ள வேண்டும், அதுவும் பந்தயத்துக்கு முந்தின நாள் ஒரு தடவை, காலையில் ஒரு தடவை. விரிசலை அடைத்த தார்ப்பட்டை நண்பகல் வெயிலில் இளகும், காலையில் பிடித்த சக்கரம் மதியம் அதே இடத்தில் வழுக்கும். அதனால் திருப்பத்தின் அழுத்தம் விழுகிற இடத்தில் தார்ப்பட்டை, மேன்ஹோல் மூடி, வெள்ளைக் கோடு எதுவும் வராதபடி கோன்களை நகர்த்துங்கள். கோன் நிற்கும் இடத்தைவிட, கோனுக்கு ஒரு எட்டு முன்னால் சக்கரம் ஓடும் இடம்தான் முக்கியம்.

இனி கோன்கள். நெருக்கமான டைட் பாதை, நடுத்தரமான ஹைபிரிட், விரிந்த ஜயன்ட், அதைவிட விரிந்த சூப்பர் ஜி என்று வகை பிரிப்பார்கள். டைட் என்றால் கோன்களுக்கு நடுவே ஒன்றரை முதல் இரண்டு மீட்டர், ஹைபிரிட் இரண்டு முதல் மூன்று, ஜயன்ட் அதற்கு மேல் என்பது தோராயமான வழக்கு. வேகச் சரிவில் ஜயன்ட் அல்லது சூப்பர் ஜி போடுங்கள். 45 கி.மீ. வேகத்தில் டைட் இடைவெளி வைத்தால் யாராலும் ஓட்ட முடியாது.

ஆனால் மீட்டரை வைத்து மட்டும் யோசித்தால் சிக்கிக்கொள்வீர்கள். ஒரு கோனிலிருந்து அடுத்த கோனுக்குப் போக எத்தனை நொடி என்று யோசிக்கப் பழகுங்கள். ஸ்கேட்டரின் உடல்மேல் விழுகிற பக்கவாட்டு விசை இரண்டே விஷயங்களைப் பொறுத்தது: உடல் இடவலமாக எவ்வளவு நகர வேண்டியிருக்கிறது, அதற்கு எவ்வளவு நேரம் கிடைக்கிறது. நேரம் பாதியானால் விசை நான்கு மடங்கு. நல்ல சாலையில் நல்ல சக்கரம் தாங்கும் எல்லைக்குள் நிற்க வேண்டுமானால், கோனுக்குக் கோன் அரை நொடி என்றால் உடல் பக்கவாட்டில் மொத்தம் 40 செ.மீ. அளவுதான் நகர முடியும். 0.8 நொடி கொடுத்தால் ஒரு மீட்டர் நகரலாம். கணக்குப் பிடிக்காதவர்கள் இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்: பக்கவாட்டு விலகலைக் கூட்ட நினைத்தால் நேரத்தையும் கூட்டுங்கள்.

அதை எப்படி மீட்டராக மாற்றுவது? அந்த இடத்தின் வேகத்தால் பெருக்கினால் ஆயிற்று. பாதையின் மேல்பகுதியில் 25 கி.மீ. வேகம், அதாவது நொடிக்கு சுமார் 7 மீட்டர், அரை நொடிக்கு மூன்றரை மீட்டர். நடுவில் 36 கி.மீ. வந்துவிட்டால் நொடிக்கு 10 மீட்டர், அதே அரை நொடிக்கு 5 மீட்டர். 45 கி.மீ. வரும் இடத்தில் 6 மீட்டருக்கு மேல். அதாவது ஓட்டுகிறவரின் காலுக்குத் தாளம் மாறாமல் இருக்க, கோன்கள் கீழே போகப் போக விரிய வேண்டும். உச்சியில் வைத்த இடைவெளியையே கடைசிவரை இழுத்துக்கொண்டு போனால், பாதி வழியில் எல்லோருமே கோனை இடிக்க ஆரம்பிப்பார்கள், அது அவர்கள் குற்றம் இல்லை. இடைவெளியை மாற்றும்போது கோனுக்குக் கோன் 10, 15 செ.மீ. என்று படிப்படியாக மாற்றுங்கள். தாளத்தை வேண்டுமென்றே உடைக்க விரும்பினால், பாதையின் மேல் பாதியில், வேகம் அடங்கியிருக்கிற இடத்தில் உடையுங்கள். அங்கே தவறினால் ஒரு கோன் போகும். அதிவேகத்தில் தவறினால் தோல் போகும்.

பக்கவாட்டு விலகல் இன்னொரு வேலையும் செய்யும். அகலமாகப் போட்ட கோன் ஸ்கேட்டரைச் சரிவுக்குக் குறுக்கே திரும்ப வைக்கிறது, அவர் போகும் தூரம் கூடுகிறது, சக்கரம் உரசுகிறது, வேகம் தணிகிறது. உங்கள் அளவுத்தாளில் அந்த 8 சதவீதம் எங்கே இருக்கிறதோ, அதற்கு முன்னாலேயே இரண்டு மூன்று அகலமான கோன்களை வைத்து வேகத்தை இறக்கி அனுப்புங்கள். செங்குத்தான இடத்துக்குள் போனபிறகு அகலமாக வைப்பது ஆபத்து, அப்போது ஏற்கெனவே ஏறிவிட்ட வேகத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். கடைசி மூன்று நான்கு கோன்களை ஏறக்குறைய நேர்க்கோட்டில் கொண்டுவந்துவிடுங்கள். கடைசிக் கோனைத் தாண்டியதும் பலகையின் மூக்கு நிற்கும் பகுதியின் நடுவைப் பார்த்திருக்க வேண்டும், நடைபாதை ஓரத்தையோ விளக்குக் கம்பத்தையோ பார்த்திருக்கக் கூடாது. நான் ஒரு பாதையைப் பார்க்கப் போனால் முதலில் போய் நிற்கிற இடம் அதுதான், கடைசிக் கோனுக்குப் பின்னால் குனிந்து, அது எந்தப் பக்கம் ஆளை எறிகிறது என்று பார்ப்பேன்.

காகிதத்தில் கணக்குப் போட்டாகிவிட்டது, ஆனால் உடனே கோனை வைத்துவிடாதீர்கள். எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான்: ஒரு நல்ல ஸ்கேட்டரிடம் சக்கரங்களை ஈரத்துணியால் நன்றாக நனைத்துக்கொண்டு வெற்றுச் சாலையில் தனக்கு இயல்பாக வரும் வளைவுகளோடு இறங்கச் சொல்லுங்கள். கருத்த தாரில் ஈரக் கோடு பாம்பு மாதிரி நெளிந்து கிடக்கும். காய்வதற்குள் ஓடிப்போய் ஒவ்வொரு வளைவின் உச்சியிலும் சாக்பீஸால் புள்ளி வையுங்கள். சில மீட்டர்களிலேயே சக்கரம் காய்ந்துவிடும், அதனால் பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் மேலேயிருந்து வேகம் எடுத்து வந்து, துண்டின் தொடக்கத்தில் விரித்துவைத்த ஈரச்சாக்கின்மேல் ஏறி இறங்கச் சொல்லலாம். சாக்கு சுருங்காமல் சாலையோடு சாலையாக ஒட்டிக் கிடக்க வேண்டும், ஓரங்களை டேப் போட்டு ஒட்டிவிடுங்கள், நனைந்த சக்கரம் முதல் மீட்டரில் சற்று வழுக்கும் என்பதால் அங்கே திரும்பக் கூடாது, மெதுவான மேல் துண்டுகளில் மட்டும் இதைச் செய்யுங்கள். அந்தப் புள்ளிகளும் உங்கள் கணக்கும் எங்கே ஒத்துப்போகவில்லையோ, அங்கே புள்ளியை நம்புங்கள்.

கோன் மென்மையான பிளாஸ்டிக்கில் இருக்க வேண்டும், சக்கரத்தின் கீழே போனால் நசுங்க வேண்டும். ஒரு அடிக்கு உட்பட்ட உயரம் போதும். இடம் உறுதியானதும் கோனின் அடிப்பாகத்தைச் சுற்றிச் சாக்பீஸால் முழுதாக வரைந்து, பக்கத்திலேயே எண் எழுதுங்கள். கோன் விழுந்தாலோ, வரைந்த அடையாளத்தைவிட்டு முழுதாக வெளியே போனாலோ அது இடித்த கோன், அடிப்பாகத்தில் கொஞ்சமாவது அடையாளத்துக்குள் இருந்தால் தப்பித்தது என்பது பரவலான நடைமுறை. அதனால் அடையாளம் மெல்லிய கோடாக, ஒரே சுற்றாக இருக்க வேண்டும், தடிமனாகக் கிறுக்கி வைத்தால் சண்டைதான் வரும். எந்தப் பக்கம் போக வேண்டும் என்று குழப்பம் வரும் இடத்தில், போகக் கூடாத பக்கத்தில் இன்னொரு கோனைப் படுக்கவைத்து அதன் கூர்முனை நிற்கும் கோனைப் பார்க்கும்படி வையுங்கள். சாக்பீஸ் எப்படியும் அழியும், எனவே நீளமான அளவு டேப்பை நடுக்கோட்டில் விரித்து ஒவ்வொரு கோனுக்கும் கீழ்நோக்கிய தூரம், பக்கவாட்டுத் தூரம் இரண்டையும் தாளில் குறித்துவிடுங்கள்.

இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் ஓடும் பந்தயம் என்றால் இரண்டு பாதையும் ஒன்றின் நகலாக இருக்க வேண்டும். கண்ணாடிப் பிம்பமாகப் போடாதீர்கள். இடது கால் முன்னால் வைப்பவருக்கும் வலது கால் முன்னால் வைப்பவருக்கும் ஒரே திருப்பம் ஒன்றுபோல இருக்காது, நகலாகப் போட்டால் அந்த வித்தியாசம் இரண்டு பாதையிலும் சமமாக விழும். இன்னொரு விஷயம், மழைநீர் வடியச் சாலையின் நடுவை உயர்த்தி இரண்டு பக்கமும் சாய்த்திருப்பார்கள், அதனால் ஒரு பாதை இடப்பக்கமும் மற்றது வலப்பக்கமும் சாய்ந்தே இருக்கும், எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் இரண்டும் சமம் ஆகாது. ஆகவே ஒவ்வொரு ஜோடியும் பாதை மாறி இரண்டு தடவை ஓடி, நேரங்களைக் கூட்டித்தான் வெற்றியைச் சொல்ல வேண்டும். பாதைகளுக்கு நடுவே ஒருவர் விழுந்தாலும் மற்றவர்மேல் மோதாத அளவுக்கு இடம் விடுங்கள், சாலை அதற்குப் போதவில்லை என்றால் ஒற்றைப் பாதை போட்டு ஒவ்வொருவராக விடுங்கள்.

தொடக்க மேடை பற்றிச் சுருக்கமாக. ஒன்றரை மீட்டர் உயர ராம்ப்பிலிருந்து இறங்கினால் சுமார் 19 கி.மீ. வேகம் கிடைக்கும், ஏற்கெனவே வேகமான சரிவில் அது தேவையா என்று யோசியுங்கள். பல இடங்களில் தரையிலிருந்து உந்திக் கிளம்புவதே போதும். ராம்ப் வைத்தால் அதன் அடி ஆடாமல் முட்டுக் கொடுங்கள், ராம்ப்பின் பலகை சாலையைத் தொடும் இடத்தில் விளிம்பு துளியும் தூக்கியிருக்கக் கூடாது.

நேரம் எடுக்கும் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஒரு கோனை இடித்தால் 0.1 நொடி கூட்டுவது நெருக்கமான பாதைகளில் வழக்கம், கோன் குறைவான பெரிய பாதைகளில் அதைவிடக் கூடுதலாக வைப்பதுண்டு. கையில் ஸ்டாப்வாட்ச் பிடித்து எடுக்கிற நேரத்தில் வருகிற பிழையே அந்த அளவுதான். அப்படியிருக்கும்போது இரண்டு கோன் வித்தியாசத்தில் தோற்றவருக்கு என்ன பதில் சொல்வீர்கள்? தொடக்கத்திலும் முடிவிலும் ஒளிக்கற்றை உணரி வைத்துக் கணினியில் எடுங்கள், அல்லது அப்படி வைத்திருக்கும் குழுவிடம் இரவல் கேளுங்கள். உணரியை முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே வையுங்கள், தரையோடு வைத்தால் பலகை மட்டும் தனியாக ஓடிவந்து நேரத்தை நிறுத்திவிடும். தண்டனை நொடி எவ்வளவு, எத்தனை கோன் இடித்தால் தகுதி இழப்பு என்பதை முதல் ஓட்டத்துக்கு முன்னால் எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட வேண்டும்.

பத்து, பன்னிரண்டு கோனுக்கு ஒரு நடுவர் வேண்டும். அவர் எண்ணவும் வேண்டும், விழுந்ததை எடுத்து வைக்கவும் வேண்டும். ஸ்கேட்டர் தாண்டியபிறகுதான் சாலையில் கால் வைக்க வேண்டும், அடையாளத்தில் கோனைப் பொருத்தி, பழையபடி ஓரத்துக்கு வந்து கொடியைத் தூக்க வேண்டும். கீழேயுள்ளவர் முதலில், அதைப் பார்த்து அவருக்கு மேலே உள்ளவர், இப்படிக் கொடிகள் வரிசையாக உச்சிவரை ஏறினால் மட்டுமே அடுத்தவரை அனுப்ப வேண்டும். வாக்கிடாக்கி இருந்தாலும் கொடியை விடாதீர்கள்.

பார்வையாளர்களை எங்கே நிறுத்துவது என்பதில் கண்டிப்பாக இருங்கள். கலிபோர்னியாவின் சிக்னல் ஹில்லில் 1975 முதல் 1978 வரை சரிவுப் பந்தயம் நடந்தது, கடைசி ஆண்டு விபத்துகளில் ஓட்டியவர்களோடு பார்க்க வந்தவர்களும் அடிபட்டார்கள், அதோடு அந்தப் பந்தயம் நின்றுபோனது. வளைவின் வெளிப்பக்கத்திலும், முடிவுக்கோட்டுக்கு நேர் பின்னாலும், நிற்கும் பகுதி முழுவதிலும் ஒருவர்கூட நிற்கக் கூடாது. நடைபாதை ஓரம், கம்பம், தடுப்புக் கம்பியின் முனை எல்லாவற்றுக்கும் முன்னால் வைக்கோல் கட்டுகள் வேண்டும். சாலையை முறைப்படி அனுமதி வாங்கி முழுதாக மூடுங்கள், பக்கத்துச் சந்து வாசல்கள் உட்பட, அங்கே கயிறு கட்டினால் போதாது, ஒரு ஆள் நிற்க வேண்டும். முதலுதவி தெரிந்தவர்கள் தயாராக இருக்க வேண்டும், ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்திலிருந்து பாதையைக் கடக்காமல் வெளியேற வழி இருக்க வேண்டும். ஹெல்மெட் இல்லாமல் யாரும் சோதனை ஓட்டத்துக்குக்கூட இறங்கக் கூடாது. ஸ்கேட்போர்டுக்கான ஏஎஸ்டிஎம் எஃப்1492 அல்லது இஎன் 1078 தரமுத்திரை உள்ளதாக அது இருக்க வேண்டும், இந்த வேகத்துக்கு முகத்தை மூடும் வகை இன்னும் நல்லது. முழங்கால், முழங்கை உறை, கையுறை எல்லாம் சேர்த்துத்தான்.

கடைசியாகச் சோதனை ஓட்டம். மூன்று பேரை விடுங்கள்: மிக வேகமானவர், நடுத்தரமானவர், போட்டியிலேயே மெதுவானவர். வேகமானவர் மட்டும் ஓட்டிப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றால் நம்பாதீர்கள். மூவரும் ஒரே கோனை இடித்தால் அந்தக் கோன் தப்பான இடத்தில் இருக்கிறது, அதற்கு முந்தின கோனை நகர்த்திப் பாருங்கள், பெரும்பாலும் கோளாறு அங்கேதான் இருக்கும். மெதுவானவரால் தாளம் பிடிக்க முடியாமல் தள்ளாடினால் மேல்பகுதி இடைவெளியைக் குறையுங்கள். முடிவுக்கோட்டுக் கோடுகளில் மறுபடி வீடியோ எடுத்து வேகத்தைப் பாருங்கள், நிற்கும் இடத்துக்காக முதலில் போட்ட கணக்கைவிட அது கூடியிருந்தால் கீழ்ப்பகுதியில் விலகலைக் கூட்டுங்கள், அல்லது மேலேயிருந்து நான்கு கோனை எடுத்துவிட்டுத் தொடக்கத்தை இறக்குங்கள். தகுதிச் சுற்று தொடங்கியபிறகு ஒரு கோனைக்கூட நகர்த்தக் கூடாது. தூறல் விழுந்தால் ஓட்டத்தை நிறுத்தி, சாலை காய்ந்து ஒருவர் சோதித்துச் சரி என்று சொன்ன பிறகு தொடருங்கள், காயவில்லை என்றால் தகுதிச் சுற்று நேரங்களை வைத்தே முடிவை அறிவித்துவிட்டுக் கோன்களை அடுக்குங்கள்.